பகல் தூக்கம் மக்கர் பண்ணினால்: ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை

எங்கள் மகளுக்குப் 13 மாதம் முடிந்த வாரம் அது. அதுவரை காலை 10 மணிக்கு ஒன்று, மதியம் 3 மணிக்கு ஒன்று என்று மணி அடித்தாற்போல் தூங்கியவள், ஒரு நாள் மதியம் தூளிக்குள் எழுந்து நின்று இரண்டு பக்கச் சேலையையும் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். ஆட்ட ஆட்டச் சிரிப்பு. முக்கால் மணி நேரம் ஆட்டி என் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன், மனைவி வங்கிக்குப் போய்விடுவாள், பகலில் கூட இருப்பது மாமியார், அதாவது குழந்தைக்கு அம்மிச்சி. ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பல் முளைக்கிறது என்றேன் நான், பசியாக இருக்கும் என்றாள் மனைவி, கண்ணு பட்டிருக்கு என்றார் அத்தை. மூன்றும் இல்லை. இரண்டு பகல் தூக்கம் ஒன்றாகிற பருவம் ஆரம்பித்திருந்தது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 13 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் நடக்கிறது. ஒரே நாளில் நடந்து முடியாது, வாரக்கணக்கில் இழுக்கும். இந்த இடைப்பட்ட காலத்தில் இரண்டு தூக்கம் போட்டால் அதிகம், ஒன்று போட்டால் பத்தாது. அதனால் வருகிற கோளாறு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு உருவத்தில் தெரியும், ஒரு வீட்டில் மதியம், ஒரு வீட்டில் நடுராத்திரி. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: தூக்கத்தை வெட்டுவதற்கு முன்னால் நகர்த்திப் பாருங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்: மூன்று நாள் கணக்கு

அதற்கென்று செயலி எல்லாம் வேண்டாம். நாங்கள் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். காலையில் எழுந்த நேரம், கண் சொக்க ஆரம்பித்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், எழுந்த நேரம், அப்புறம் எழும்போது சிரித்ததா, சிணுங்கியதா. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, ஆனால் பாதி பதில் அதில்தான் இருக்கிறது. சிரித்துக்கொண்டு எழுந்தால் தூக்கம் போதும் என்று அர்த்தம், நேரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணைத் திறக்காமலே அழுதுகொண்டு எழுந்தால் பாக்கி இருக்கிறது.

மூன்று நாள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டுங்கள். 4 மாதத்திலிருந்து 12 மாதம் வரை பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம், 1 வயதிலிருந்து 2 வயது வரை 11 முதல் 14 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்ன அளவு. உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னதும் இதேதான். இரண்டு எல்லைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை 14 மணி நேரம் தூங்குகிறது, உங்கள் குழந்தை 11½ தான் என்றால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

இன்னொன்றும் தாளில் தெரியும்: ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே குழந்தை எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறது என்பது. விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் தூக்கத்துக்கான அழுத்தம் சேர்ந்துகொண்டே போகிறது. அது போதுமான அளவு சேராமல் படுக்க வைத்தால் தூளிக்குள் நின்று சிரிக்கும். அளவு மீறிச் சேர்ந்துவிட்டால் களைப்பிலேயே முறுக்கிக்கொண்டு கத்தும். ஒரு வயதில் பொதுவாக 3 முதல் 4 மணி நேரம் தாங்கும். ஒரே தூக்கத்துக்கு வந்த குழந்தை 5 மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். நம் குழந்தை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் கீழே சொல்லும் எதுவும் உதவும்.

காலைத் தூக்கம் ஜோர், மதியம் மட்டும் மறுக்கிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான், எங்களுக்கும். காலண்டர் தாளைப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. காலை 7க்கு எழுகிறாள், 10 முதல் 11:30 வரை அசந்து தூங்குகிறாள், 3 மணிக்குப் படுக்க வைத்தால் தூக்கம் வரவில்லை, 5 மணிக்கு மேல் எதற்கெடுத்தாலும் அழுகை, ராத்திரி எப்படியோ 10 மணி. மொத்தம் கூட்டினால் 10½ மணி நேரம். அதாவது தூக்கம் குறைகிறது, ஆனாலும் மதியம் வரமாட்டேன் என்கிறது, ஏனென்றால் காலைத் தூக்கமே வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி நிறைத்துவிடுகிறது.

இங்கே நிறையப் பேர் செய்வது மதியத் தூக்கத்தை விட்டுவிடுவது. நாங்களும் நான்கு நாள் அப்படி விட்டோம். 11:30க்கு எழுந்தவள் ராத்திரி வரை விழித்திருக்க வேண்டியதாயிற்று. 6 மணிக்குச் சோற்றுத் தட்டில் தலை சாய்ந்தது, கன்னத்தில் பருப்புச் சாத உருண்டை அப்படியே இருந்தது. விரலை விட்டு வெளியே எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. (வாயில் சோற்றோடு தூங்கிவிட்டால் படுக்க வைக்கும் முன் கட்டாயம் வாயைப் பாருங்கள், புரை ஏறும்.)

செய்ய வேண்டியது இது. காலைத் தூக்கத்தைக் குறையுங்கள், மதியத்தை அல்ல. 10 மணிக்குத் தூங்கினால் 10:45க்கு எழுப்பிவிடுங்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்று அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஜன்னல் திரையை விலக்கி, மின்விசிறியை ஒரு எண் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தானாக எழும், உலுக்க வேண்டாம். இப்படிச் செய்தால் 2:30க்கு மறுபடி கண் சொக்கும், 3:45 வரை தூங்கும், ராத்திரி 8:30க்குப் படுக்கும். எங்களுக்கு இந்த ஏற்பாடு ஏறக்குறைய ஆறு வாரம் ஓடியது. சில குழந்தைகளுக்கு மூன்று வாரம்தான் ஓடும். அது ஓடுகிறவரை ஒரே தூக்கத்துக்கு அவசரப்படாதீர்கள்.

45 நிமிடமாகக் குறைத்தும் மதியம் வரவில்லை

தொடர்ந்து 10 முதல் 14 நாள் இப்படியே இருந்தால் இப்போது நிஜமாகவே ஒன்றாக்கும் நேரம். ஒரே நாளில் காலைத் தூக்கத்தை நிறுத்தாமல், அதை மெதுவாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை 15 நிமிடம். 10 என்பது 10:15, அப்புறம் 10:30, இப்படியே 12:15 வரும்வரை. கணக்குப் போட்டால் ஒன்பது நகர்வு, 27 நாள். ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த வாரம் தள்ளுவதை நிறுத்திவிட்டு, குழந்தை கேட்கிற நேரத்துக்கெல்லாம் தூங்க விடுங்கள்.

தூக்கம் 11 மணியைத் தாண்டும்போது மதியச் சாப்பாடு குறுக்கே வரும். நாங்கள் 11:30க்கே சாதம் கொடுத்தோம். பசியோடு படுத்தால் 40 நிமிடத்தில் எழுந்துவிடும், அது தூக்கக் கோளாறு இல்லை, வயிற்றுக் கோளாறு. 11 மணிவாக்கில் கண் சொக்கினால் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போங்கள், ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொடுத்தால் அரை மணி நேரம் தாராளமாக ஓடும். கைபேசி கொடுத்து விழிக்க வைக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பு ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. அதோடு அந்த நேரத்தில் பாட்டு ஓடினால் களைப்பு தெரியாமல் அமுங்கி, அப்புறம் படுக்கையில் வெடிக்கும்.

இந்த ஒரு மாதம் ராத்திரித் தூக்கத்தை முன்னால் இழுக்க வேண்டும். பகலில் விட்டுப்போனதை ராத்திரி சரிக்கட்டுகிற ஏற்பாடு இது, 7 அல்லது 7:15க்கே படுக்கை. இங்கேதான் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "விளக்கு வெக்கற நேரத்துல புள்ளையப் படுக்கப் போடாதீங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயித்தாலும் வீட்டில் இருக்க முடியாது. அதனால் 6 மணிக்கே விளக்கு ஏற்றி, குழந்தையைச் சாமி அறைக்குத் தூக்கிப் போய்த் திருநீறு வைத்து, அப்புறம் குளிப்பு, சாப்பாடு, படுக்கை என்று வைத்துக்கொண்டோம். நான்காம் நாள் அவரே, "வெளக்கு வெச்சு ஒரு மணி நேரமாச்சுங்களே, இனிப் படுக்கலாம்" என்றார். மனைவிக்குத்தான் கஷ்டம். 7:30க்கு வங்கியிலிருந்து வந்தால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அவள் காலையில் அரை மணி நேரம் முன்னால் எழுந்து எண்ணெய் தேய்ப்பதும் ஊட்டுவதும் தன் பங்கு என்று எடுத்துக்கொண்டாள். அந்த மாதம் முடிந்ததும் படுக்கை நேரம் தானாக 8:15க்கு நகர்ந்துவிட்டது. காலை 7க்கு எழுச்சி, 12:15 முதல் 2:30 வரை தூக்கம், 8:15க்கு ராத்திரி. இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான்.

ஒரு வயது இப்போதுதான் ஆகிறது, அதற்குள் இரண்டு தூக்கத்தையும் மறுக்கிறது

இது பொய் அறிகுறி. பெரும்பாலும் நடக்கப் பழகுகிற வாரங்களில் வரும். கால் ஓட ஆரம்பித்த சந்தோஷத்தில் படுக்கையிலும் எழுந்து நிற்கும், அல்லது அம்மா கண்ணில் படாவிட்டால் அழுகிற பருவம் அது. ஒன்றையும் மாற்றாமல் வழக்கமான நேரத்தில் படுக்க வைத்துக்கொண்டே இருங்கள், தூங்காவிட்டாலும் இருட்டு அறையில் அரை மணி நேரம். இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். பயணம், புதிய காப்பகம், கடைவாய்ப் பல், சளி இவற்றுக்கும் இதே பதில்தான்.

தூளியில் எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தையைத் தூளியிலேயே விடாதீர்கள். சேலை ஒரு பக்கம் சாய்ந்தால் தலை கீழே போகும், ஸ்பிரிங் தொட்டிலும் அப்படித்தான். தரையில் மெத்தைக்கு மாற்றுங்கள். ஆனால் தூளியை எடுப்பதையும் தூக்கத்தை ஒன்றாக்குவதையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். நாங்கள் செய்தோம், வேண்டாம்.

பகலில் இரண்டும் நன்றாகத் தூங்குகிறது, நடுராத்திரி 2 மணிக்கு எழுந்து விளையாடுகிறது

அழாது, பால் கேட்காது, ஒன்றரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும், நமக்குத்தான் கண் எரியும். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சிலர் தாயத்துக் கட்டுவதுண்டு. கட்டுங்கள், கூடவே கணக்கையும் பாருங்கள். பகலில் இரண்டு தூக்கமும் இரண்டிரண்டு மணி நேரம் என்றால் 4 மணி நேரம் ஆயிற்று. ராத்திரி 8 முதல் காலை 7 வரை படுக்கை 11 மணி நேரம். கூட்டினால் 15. உங்கள் குழந்தையின் உடம்புக்குத் தேவை 13 என்றால் மீதி 2 மணி நேரம் எங்காவது வெளியே வந்துதான் ஆக வேண்டும், அது 2 மணிக்கு வருகிறது. பகலை மொத்தம் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள், முதலில் காலைத் தூக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். மாற்றம் தெரிய ஒரு வாரம் ஆகும். அதுவரை 2 மணிக்கு விளக்கைப் போடாமல், பொம்மை எடுக்காமல், கூடவே படுத்திருங்கள்.

விடிகாலை 4:30க்கு எழுந்து, 7:30க்கு மறுபடி தூங்குகிறது

அந்த 7:30 தூக்கம் பகல் தூக்கமே இல்லை, விட்டுப்போன ராத்திரியின் வால். அதைக் கொடுக்கக் கொடுக்க, காலைதான் பாக்கியைத் தருகிறதே என்று உடம்பும் 4:30க்கே எழப் பழகிவிடும். முதலில் வெளியே பாருங்கள். விடிகாலையில் தூக்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும், மார்கழி மாத ஒலிபெருக்கி, பால்காரர் வண்டி, சமையலறையில் காபிக்குப் பாத்திரம் உருளும் சத்தம், கொசு, மின்விசிறிக் காற்றில் சில்லிட்ட பாதம், எதுவும் போதும். எங்கள் வீட்டில் அது அத்தையின் அறைக்கதவுத் தாழ்ப்பாள். ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டதில் 20 நிமிடம் கூடியது!

அதெல்லாம் இல்லையென்றால் 6 மணி வரை இருட்டிலேயே வைத்திருங்கள், காலைத் தூக்கத்தை 9க்கு முன்னால் கொடுக்காமல் தாக்குப்பிடியுங்கள். ராத்திரி தாமதமாகப் படுக்க வைத்தால் காலையில் தாமதமாக எழும் என்று நினைப்போம். அளவு மீறிக் களைத்த குழந்தை இன்னும் சீக்கிரம்தான் எழும், எனவே அரை மணி நேரம் முன்னால் படுக்க வைத்துப் பாருங்கள்.

ஒரே தூக்கம்தான், அதுவும் 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது

குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை. சுற்று முடிகிற இடத்தில் லேசாக விழிப்பு தட்டும். அப்போது குக்கர் விசில் அடித்தால் போச்சு, கோழித்தூக்கமாகிவிடும். எங்கள் தெருவில் 12:45க்கு ஒலிபெருக்கியோடு காய் வண்டி வரும், அவரிடம் போய்ச் சொல்லவா முடியும், மின்விசிறியை வேகமாக வைத்து அந்தச் சத்தத்தில் அமுக்கினோம். மின்சாரம் போனால் அந்த நாள் போனதுதான்.

சத்தம் இல்லாமலும் எழுகிறது என்றால் தூங்கும்போது இருந்தது விழிப்பு தட்டும்போது இல்லை என்பதுதான் காரணம். மடியில், ஆட்டத்தில், பால் புட்டியோடு தூங்கிய குழந்தை, கண்ணைத் திறக்கும்போது அது இல்லையென்றால் தேடும். 35ஆவது நிமிடமே பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, அசைய ஆரம்பித்ததும் முதுகில் கை வைத்துத் தட்டினால் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். பத்து நாள் இதைச் செய்ய வேண்டியிருக்கும். புட்டியை மட்டும் வாயில் விட்டுத் தூங்க வைக்காதீர்கள், முன்பற்கள் சொத்தையாகும்.

மாலை 5 மணிக்கு வண்டியில் ஏறினால் தூங்கிவிடுகிறது

பத்து நிமிடத் தூக்கம்தான், ஆனால் அது ராத்திரித் தூக்கத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும். மாலை 4:30க்கு மேல் ஸ்கூட்டர், ஆட்டோ, கார் எதுவும் வேண்டாம், கடைக்கு நடந்தே தூக்கிப் போங்கள். தூங்கிவிட்டால் எழுப்பிவிட்டு, அன்றைக்குப் படுக்கையை அரை மணி நேரம் தள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

காப்பகத்தில் ஒரு தூக்கம், வீட்டில் இரண்டு

இருக்கட்டும். காப்பகத்தில் எல்லாக் குழந்தைகளையும் ஒரே நேரத்தில் படுக்க வைப்பதால் கும்பலோடு கும்பலாகத் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு 30 நிமிடம் கூடுதலாகத் தூங்கினால் குடி முழுகிப் போகாது.

நேரத்தை மாற்றித் தீராதவை

தூக்கத்தில் தினமும் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, நடுவே மூச்சு நின்று திணறுவது, தலையணை நனைகிற அளவு வியர்ப்பது, இதெல்லாம் இருந்தால் காலண்டர் தாளை வைத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். ராத்திரி முழுக்கக் கைகால் உதறிப் புரண்டுகொண்டே இருந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்வார்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது, ஆகவே நம் வீட்டில் இருக்காது என்று நினைக்க ஒன்றுமில்லை. தூங்க வைக்க வேண்டுமே என்று பால் புட்டியாகக் கொடுத்துக் கொடுத்து, நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும்.

சளி மருந்து கொடுத்தால் நன்றாகத் தூங்கும் என்று சொல்கிற உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். தூங்க வைக்க அதைக் கொடுக்காதீர்கள். ஜாதிக்காய் உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம், அதில் வருகிற மயக்கம் நஞ்சின் மயக்கம்.

எல்லாம் சரியாகி, திடீரென்று அந்த ஒரு தூக்கத்தையும் மறுக்கிறது

எங்களுக்கு இது இரண்டு வயது நெருங்கும்போது வந்தது. "ஊகூம், தூங்க மாட்டேன்" என்று வாய் திறந்து சொல்லத் தெரிந்த பிறகு வருவது இது. பகல் தூக்கத்தை அடியோடு நிறுத்துவது பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 வயதுக்கு மேல்தான், எனவே இப்போதே நிறுத்திவிடாதீர்கள். 12:15க்கு வழக்கம்போல் திரையை இழுத்துவிட்டு, மெத்தையில் ஒரு துணிப் பொம்மையோடு விட்டுவிட்டு, தூங்கு என்று சொல்லாமல் பக்கத்தில் சும்மா படுத்திருங்கள். எங்கள் வீட்டில் முதல் எட்டு நாள் அவளைத் தவிர எல்லோரும் தூங்கினோம். ஒன்பதாம் நாள் பொம்மையைத் தட்டிக்கொண்டே அவளும் தூங்கிவிட்டாள்.